டிராகன் பால் முதல் எபிசோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோகுவைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் பெரும்பாலானோருக்குத் தெரிந்தது தங்க நிற முடியோடு வானத்தில் மிதக்கும் கோகு. வாலோடு காட்டில் விறகு உடைத்துக்கொண்டிருந்த சிறுவன் கோகுவைப் பலர் பார்த்ததே இல்லை. எனக்கு அந்தச் சிறுவன்தான் நெருக்கம். தொடரை முதலிலிருந்து பார்க்க நினைக்கும் நண்பர்களும், பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா என்று யோசிக்கும் பெற்றோர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இது எந்தத் தொடர், எப்போது வந்தது?

1986 பிப்ரவரி 26, புதன்கிழமை மாலை, ஜப்பானின் ஃபூஜி டிவியில் 'டிராகன் பால்' முதல் எபிசோடு ஒளிபரப்பானது. தயாரித்தது தோயெய் அனிமேஷன். எபிசோடின் ஜப்பானியத் தலைப்பு 'புல்மாவும் சொன் கோகுவும்'. அகிரா தொரியாமா வரைந்த மாங்காவின் (ஜப்பானியப் படக்கதையின்) முதல் அத்தியாயத்துக்கும் இதே தலைப்புதான். அந்த மாங்கா 1984 நவம்பரில் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' வார இதழில் தொடங்கி 1995 வரை 519 அத்தியாயங்கள் வந்தது.

அதற்கு முந்தைய வாரம் வரை அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது தொரியாமாவின் இன்னொரு படைப்பான 'டாக்டர் ஸ்லம்ப்'. அது முழு நகைச்சுவைத் தொடர். ஆக, அந்தப் புதன்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்த ஜப்பானியப் பிள்ளைகள் ஒரு சண்டைத் தொடரை எதிர்பார்த்து உட்காரவில்லை. அரலே என்ற குறும்புக்கார ரோபோ சிறுமியை அவர்களுக்குத் தந்தவர் இந்த முறை என்ன தரப்போகிறார் என்று பார்க்கத்தான் உட்கார்ந்தார்கள். முதல் எபிசோடில் ஏன் இவ்வளவு சிரிப்பு என்று கேட்பவர்களுக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

கதைச் சுருக்கம் வேண்டும்.

முதல் எபிசோடின் கதை முழுவதும் இந்தப் பதிலில் வந்துவிடும். பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

ஊர்களிலிருந்து வெகு தொலைவில், செங்குத்தான மலைகளுக்கு நடுவே கோகு தனியாக வாழ்கிறான். வளர்த்த தாத்தா இறந்துவிட்டார். அவர் விட்டுப்போனது ஒரு சின்ன வீடு, ஒரு தடி, உள்ளே நான்கு நட்சத்திரங்கள் தெரியும் ஓர் ஆரஞ்சு நிற உருண்டை. கோகு பெரிய மரத்துண்டை உருட்டிக்கொண்டு வருகிறான், அதை மேலே எறிந்து கையாலும் காலாலும் அடித்தே விறகாக்குகிறான். பசிக்கிறது. மலை உச்சியிலிருந்து தன் வாலைத் தண்ணீரில் தொங்கவிட்டுத் தன்னைவிடப் பல மடங்கு பெரிய மீனைப் பிடிக்கிறான். அதை இழுத்துக்கொண்டு வரும் வழியில் ஒரு கார் குறுக்கே வருகிறது. அவன் வாழ்நாளில் கார் பார்த்ததில்லை. மீனைப் பறிக்க வந்த மிருகம் என்று நினைத்து அதைத் தூக்கிப் போடுகிறான். உள்ளே இருந்த பெண் பயந்துபோய்த் துப்பாக்கியால் சுடுகிறாள். அவனுக்கு வலிக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பெண் புல்மா. ஏழு டிராகன் உருண்டைகளைத் தேடிப் பள்ளி விடுமுறையில் கிளம்பியவள். இரண்டு ஏற்கெனவே அவளிடம் இருக்கின்றன. ஏழும் சேர்ந்தால் ஷென்லோங் என்ற டிராகன் தோன்றி ஒரே ஒரு வரம் கொடுக்கும். கோகுவின் தாத்தா நினைவாக இருக்கும் உருண்டையும் அந்த ஏழில் ஒன்று. கொடுக்க மாட்டேன் என்கிறான் கோகு. சரி, அப்படியானால் நீயும் வா என்கிறாள் புல்மா. கிளம்புகிறார்கள். வழியில் பேசத் தெரிந்த ஒரு பறக்கும் ராட்சதப் பல்லி புல்மாவைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஓட்டத் தெரியாத மோட்டார் பைக்கில் துரத்திப்போய், தாத்தாவின் தடியை வைத்து அவளைக் காப்பாற்றுகிறான் கோகு.

தற்காப்புக் கலைத் தொடர் என்கிறார்கள். முதல் எபிசோடில் ஒரு நல்ல சண்டைகூட இல்லையே?

என்னைக் கேட்டால் இந்த எபிசோடின் பலமே அதுதான்.

கோகு இதில் செய்வதை வரிசையாக யோசித்துப் பாருங்கள். விறகு உடைக்கிறான், மீன் பிடிக்கிறான், சுமக்கிறான், ஓடுகிறான். ஒரு மலைவாசிச் சிறுவனின் அன்றாட வேலைகள்தான் எல்லாம். ஆனால் அந்த ஒவ்வொரு வேலையிலும் அவன் உடம்பு என்னவெல்லாம் செய்யும் என்று நமக்குக் காட்டிவிடுகிறார்கள். 'இவன் பெரிய வீரன்' என்று வாய்விட்டுச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. தாத்தா கற்றுக்கொடுத்த கலை அவனுக்குத் தனியாக ஒரு பாடம் கிடையாது. அடுப்பு எரியவும் வயிறு நிறையவும் அதுதான் வழி.

தொரியாமாவுக்கு குங்ஃபூ படங்கள் மீது பெரிய பைத்தியம் உண்டு. குறிப்பாக ஜாக்கி சான் நடித்து 1978-இல் வந்த 'டிரங்கன் மாஸ்டர்'. வரையும்போது வீடியோவில் அதை ஓடவிட்டுக்கொண்டே வேலை செய்வார் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தில் சண்டைக்கும் சிரிப்புக்கும் நடுவே கோடு கிடையாது. கையில் கிடைத்த பெஞ்சும் ஜாடியும் ஆயுதமாகும், அடிவாங்குவதிலும் ஒரு தாளம் இருக்கும். கோகு வாலை ஆட்டி மீனுக்குத் தூண்டில் போடுவதும், காரின் முன்னால் காலை அகட்டி நின்று சவால் விடுவதும் அந்த மரபில் வந்தவை.

இதை இன்னும் கொஞ்ச தூரம் பின்தொடர்ந்தால் அழகாக ஒரு விஷயம் புரியும். 14-வது எபிசோடுக்குப் பிறகு கோகு, கமே சென்னின் என்ற ஆமைக் குருவிடம் முறையாகப் பயிற்சிக்குச் சேருகிறான். அவர் கற்றுக்கொடுப்பது என்ன? விடியற்காலையில் மலைப்பாதையில் வீடு வீடாகப் பால் போடுவது. வெறுங்கையால் வயலை உழுவது. கட்டட வேலை. இவையெல்லாம் முதுகில் 20 கிலோ ஆமை ஓட்டைச் சுமந்துகொண்டே. ஒரு குத்து, ஒரு உதை கூட அவர் சொல்லிக்கொடுப்பதில்லை. வேலை செய்த உடம்பே சண்டையும் போடும் என்பது அந்தக் குருவின் கொள்கை. அதன் விதை முதல் எபிசோடின் விறகுக் காட்சியிலேயே விழுந்துவிட்டது. கோகுவின் தாத்தா சொன் கோஹான் இதே குருவின் சீடர் என்று பின்னால் தெரியவரும்போது, இரண்டும் ஒரே பள்ளிக்கூடம் என்பது விளங்கும்.

அப்புறம் இன்னொன்று. கோகுவுக்கு நேருக்கு நேர் எதிரியே இல்லாத எபிசோடு இது. கார் எதிரி இல்லை, புல்மா எதிரி இல்லை, மீன் சாப்பாடு. அவன் எதிர்கொள்வதில் கடைசியில் வரும் பறக்கும் பிராணி மட்டும்தான் கெட்டது, அதுவும் பசிக்காக. தொடரை ஓட்டுவது பகை இல்லை, 'அந்தப் பக்கம் என்ன இருக்கிறது' என்ற ஆவல். பின்னாளில் எத்தனை கோள்கள் வெடித்தாலும் கோகு தன்னைவிட பலமானவனைப் பார்த்தால் முகம் மலர்ந்து நிற்பான். அந்த முகம், முதன்முதலில் காரைப் பார்த்தபோது இருந்த அதே முகம்.

புல்மா எரிச்சலூட்டுகிறாள். கோகுவை ஏமாற்றத்தானே பார்க்கிறாள்?

ஆமாம், முதலில் ஏமாற்றத்தான் பார்க்கிறாள். அவள் திட்டத்தில் கோகு ஒரு காவலாள். வரத்தைப் பங்கு போடும் எண்ணமும் அவளுக்கு இல்லை. அவள் கேட்கப்போகும் வரம் ஓர் அருமையான காதலன். 16 வயதுப் பெண்ணின் ஆசை.

ஆனால் அவள் இல்லாவிட்டால் இந்தக் கதையே கிளம்பாது. உருண்டைகளின் இருப்பிடம் காட்டும் டிராகன் ரேடாரைச் செய்தது அவள். பழைய கதைகளைத் தோண்டி எடுத்தது அவள். தனியாகக் காரை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் வந்தது அவள். கோகு அதே மலையில் இன்னும் இருபது வருடம் விறகு உடைத்துக்கொண்டே சந்தோஷமாக இருந்திருப்பான்.

இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எழுத்தின் சாமர்த்தியம் தெரியும். கோகுவுக்குப் பலம் இருக்கிறது, உலகம் தெரியாது. புல்மாவுக்கு உலகம் தெரியும், பலம் கிடையாது. அவள் ஒரு சின்ன காப்ஸ்யூலை எறிந்து மோட்டார் பைக்கை வரவழைக்கும்போது அவன் சூனியக்காரி என்று அலறுகிறான். அவன் குண்டடி பட்டும் எழுந்து நிற்கும்போது அவள் அலறுகிறாள். ஒருவரின் சாதாரணம் இன்னொருவருக்கு மாயம். 24 நிமிடத்தில் இந்த ஒரே விஷயத்தை வைத்து அத்தனை சிரிப்பையும் எடுக்கிறார்கள். கூடவே நட்பும் வந்துவிடுகிறது, 'நாம் இனி நண்பர்கள்' என்று யாரும் சொல்லாமலே.

உருண்டையை ஏன் 'தாத்தா' என்று கூப்பிடுகிறான்?

தாத்தாவின் உயிர் அதில் இருப்பதாக நம்புகிறான். வெளியே போகும்போது அதனிடம் சொல்லிவிட்டுப் போகிறான். தனிமையில் இருக்கும் பிள்ளை அப்படித்தான் செய்யும். தொடர் அதைக் கேலி செய்வதில்லை, அழுகாச்சியாகவும் ஆக்குவதில்லை. போகிற போக்கில் காட்டிவிட்டு மீன் பிடிக்கக் கிளம்பிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இன்னொன்றும் கவனியுங்கள். புல்மாவுக்கு ஏழு உருண்டையும் ஒன்றுதான், எண்ணிக்கையில் சேர வேண்டிய பொருள். கோகுவுக்கு நாலு நட்சத்திரம் மட்டும்தான் முக்கியம், மற்ற ஆறும் வெறும் கண்ணாடிக் குண்டு. பின்னால் வரும் கதையிலும் அவன் உருண்டை தேடிக் கிளம்புவது இந்த நாலு நட்சத்திரத்துக்காகத்தான்.

தாத்தா எப்படி இறந்தார் என்ற கேள்விக்கு முதல் கதையின் முடிவில் பதில் கிடைக்கும். அதை இங்கே சொல்லி உங்கள் அனுபவத்தைக் கெடுக்க மாட்டேன்.

வால், மேகத்தில் பறப்பது, நீளும் தடி... இது நம்ம அனுமன் இல்லையா?

தமிழர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. நேரடிப் பதில்: கோகு வந்தது சீனக் கதையிலிருந்து. 16-ஆம் நூற்றாண்டின் 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற சீன நாவலில் சுன் வுகோங் என்றொரு குரங்கு அரசன் உண்டு. அந்தப் பெயரின் ஜப்பானிய உச்சரிப்புதான் சொன் கோகு. நினைத்த அளவுக்கு நீளும் தடி அங்கிருந்து வந்தது. மூன்றாவது எபிசோடில் கோகுவுக்குக் கிடைக்கும் பறக்கும் மேகமும் அங்கிருந்து வந்ததே.

அந்தக் குரங்கு அரசனுக்கு மூலம் அனுமனா என்பது அறிஞர்களிடையே பழைய வாதம். சீன அறிஞர் ஹு ஷி, இந்தியாவிலிருந்து போன அனுமன் கதையே மூலமாக இருக்கலாம் என்றார். எழுத்தாளர் லூ ஷுன் அதை ஏற்கவில்லை. சீனத்தின் பழைய நீர்ப்பூதக் கதைகளிலேயே வேர் இருக்கிறது என்றார். இன்றுவரை இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள்.

ஆனால் நம் பக்கம் வரும் உறுதியான இழை வேறொன்று இருக்கிறது. அந்தச் சீன நாவலில் குரங்கு அரசன் காவலாகக் கூடப்போவது ஒரு பௌத்தத் துறவிக்கு. புனித நூல்களைத் தேடி இந்தியாவுக்கு வரும் அந்தத் துறவி கற்பனை ஆள் இல்லை. நாம் பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் படித்த யுவான் சுவாங்தான் அவர். 7-ஆம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் காலத்தில் காஞ்சிபுரம் வரை வந்து, அந்த ஊரைப் பற்றி எழுதிவைத்தவர். அவருடைய உண்மைப் பயணம் நூற்றாண்டுகள் கடந்து நாடோடிக் கதையாகி, நாவலாகி, நாடகமாகி, கடைசியில் ஒரு ஜப்பானிய ஓவியரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே துறவியின் இடத்தில் புல்மா உட்கார்ந்தாள். நாவலில் வரும் பன்றிச் சீடன் இங்கே ஊலோங் ஆனான். மூன்றாவது சீடனான ஆற்றுப் பூதத்தின் இடத்தில் பாலைவனக் கொள்ளைக்காரன் யாம்ச்சா வந்தான்.

நூல் தேடிப் போன துறவி, காதலன் தேடிப் போகும் பள்ளி மாணவியாக மாறியதை அவமரியாதை என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. மூல நாவலே நிறைய சிரிப்பும் நக்கலும் கொண்டது. அந்தக் குணத்தை தொரியாமா சரியாகப் பிடித்துக்கொண்டார். சில அத்தியாயங்களுக்குப் பிறகு மூலக்கதையை மெல்லக் கைவிட்டுத் தன் வழியில் போய்விட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கோகு வேற்றுக் கிரகத்து ஆள்தானே? அதனால்தானே குண்டு துளைக்கவில்லை?

இதன் தொடர்ச்சியான 'டிராகன் பால் Z' தொடரைப் பார்த்துவிட்டு வருபவர்களின் கேள்வி. கதைப்படி ஆமாம். ஆனால் 1984-இல் முதல் அத்தியாயத்தை வரைந்தபோது தொரியாமாவின் மனதில் வேற்றுக்கிரகம் எதுவும் இல்லை. முன்கூட்டித் திட்டம் போடாமல் வாரா வாரம் யோசித்து வரைந்ததாகப் பல முறை சொன்னவர் அவர். கோகு பிறந்த வேற்றுக்கிரக இனமான சயான் என்ற யோசனை வந்தது தொடர் தொடங்கி நான்கு வருடம் கழித்துத்தான்.

முதல் எபிசோடில் கோகுவே ஒரு காரணம் சொல்கிறான். தாத்தா என்னைப் பழக்கியிருக்கிறார், என் உடம்பு உறுதியானது என்று. முதல் முறை பார்ப்பவர்கள் அந்தக் காரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் தெரிந்த ரகசியத்தை இங்கே கொண்டுவந்து வைத்தால், பழக்கத்தால் வந்த பலம் பிறப்பால் வந்த பலமாகிவிடும். இந்த எபிசோடுக்கு அது பொருந்தாது.

கோகுவுக்கு என்ன வயது?

அவனே 14 என்கிறான். உண்மையில் 12. அவனுக்கு எண்ணத் தெரியாது என்பது பின்னால் தெரியவரும்.

மாங்காவைப் படித்துவிட்டேன். அனிமேயில் (டிவி கார்ட்டூன் தொடரில்) புதிதாக என்ன இருக்கிறது?

முக்கியமான மாற்றம் பிலாஃப். உலகை ஆள ஆசைப்படும் குட்டிச் சக்கரவர்த்தி. அவனோடு ஷூ என்ற நாய் முக உதவியாள், மாய் என்ற பெண். மாங்காவில் இந்தக் கூட்டம் முதல் கதையின் கடைசிப் பகுதியில்தான் தலைகாட்டும். அனிமேயில் முதல் எபிசோடிலேயே வந்துவிடுகிறார்கள்.

காரணம் எளிது. அனிமே தொடங்கியபோது மாங்கா வெளிவரத் தொடங்கி 15 மாதம்தான் ஆகியிருந்தது. வாரம் ஒரு எபிசோடு வீதம் போனால் சீக்கிரமே மாங்காவை எட்டிப் பிடித்துவிடும். எனவே கதையை நீட்டச் சொந்தச் சரக்கு தேவைப்பட்டது. இப்படிச் சேர்க்கப்படும் காட்சிகளை ரசிகர்கள் ஃபில்லர் என்பார்கள், பெரும்பாலும் திட்டும் தொனியில். ஆனால் பிலாஃபை முன்னாலேயே கொண்டுவந்தது நல்ல முடிவு என்பது என் கருத்து. மாங்காவில் புல்மாவும் கோகுவும் அவசரமில்லாமல் போகிறார்கள். அனிமேயில் இன்னொரு கூட்டமும் அதே உருண்டைகளைத் தேடுகிறது என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அந்த அளவுக்கு ஒரு சின்னப் பரபரப்பு கிடைத்துவிடுகிறது.

மாங்கா எங்கே ஜெயிக்கிறது என்றால், வேகத்தில். விறகு உடைக்கும் காட்சி அங்கே சில கட்டங்களில் முடிந்துவிடும். ஒவ்வொரு கட்டமும் அவ்வளவு தெளிவு. யார் எங்கே நிற்கிறார், அடி எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதில் ஒரு இடத்திலும் குழப்பம் வராது. சண்டை வரைவதில் தொரியாமாவுக்கு இணை சொல்வது கஷ்டம், அது முதல் அத்தியாயத்திலேயே தெரிகிறது.

அனிமே ஜெயிப்பது நிறத்தில். பின்னணி ஓவியங்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஊசியாக நிற்கும் மலைகள், மூட்டம், பச்சை. சீன நிலக்காட்சி ஓவியங்களில் வரும் உலகம். அந்த மலைக்குள் ஒரு நவீன கார் நுழையும்போது ஏற்படும் அதிர்ச்சி கறுப்பு வெள்ளையில் இவ்வளவு வராது.

குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டலாமா?

பெற்றோர் இந்தப் பதிலை முழுவதும் படிக்கவும். கார்ட்டூன்தானே என்று போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகிற தொடர் இது இல்லை.

தொடக்க எபிசோடுகளில் பாலியல் ஜோக்குகள் நிறைய. கோகுவுக்கு ஆண் பெண் வித்தியாசமே தெரியாது என்பதை வைத்துச் சில. அவை கள்ளமில்லாதவை, பெரும்பாலும் தொல்லை இல்லை. ஆனால் முதல் எபிசோடிலிருந்தே புல்மாவை வைத்துச் செய்யும் ஜோக்குகளும் இருக்கின்றன. மூன்றாவது எபிசோடில் கமே சென்னின் என்ற கிழவர் உருண்டையைக் கொடுப்பதற்கு அவளிடம் கேட்கும் கைம்மாறு, 16 வயதுப் பெண்ணிடம் ஒரு கிழவர் கேட்கக் கூடாதது. அந்தக் கால ஜப்பானியப் பத்திரிகை நகைச்சுவையில் இது வழக்கமாக இருந்தது என்பது வரலாறு. அதற்காக அதைச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு உயிரான தொடர் இது. அப்படியும் அந்தக் காட்சி ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.

1995-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக ஆங்கிலத்தில் மாற்றியபோது இந்த மாதிரிக் காட்சிகளை வெட்டியும் திருத்தியும்தான் 13 எபிசோடுகளை வெளியிட்டார்கள். பின்னால் வெட்டாத பதிப்புகள் வந்தன. இன்று கிடைப்பது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை: சின்னப் பிள்ளைகள் என்றால் முதல் சில எபிசோடுகளை நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள். பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைகள் என்றால் கூட உட்கார்ந்து பாருங்கள். தவறான ஒன்று வரும்போது 'இது தப்பு' என்று அங்கேயே சொல்லிவிடலாம். வன்முறையைப் பொறுத்தவரை முதல் எபிசோடில் பயப்பட ஒன்றுமில்லை. துப்பாக்கி ஒரு முறை சுடுகிறது, ரத்தம் கிடையாது.

கோகுவுக்குக் குரல் கொடுத்தது ஒரு பெண்ணா?

ஆமாம், மசாகோ நொசாவா. 1936-இல் பிறந்தவர். முதல் எபிசோடு ஒளிபரப்பானபோது அவருக்கு 49 வயது. ஜப்பானில் சிறுவர் பாத்திரங்களுக்குப் பெண்கள் குரல் கொடுப்பது வழக்கம். ஆச்சரியம், கோகு வளர்ந்து கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் அதே நொசாவாதான் தொடர்ந்தார். கோகுவின் பிள்ளைகள் கோஹான், கோதென் இருவருக்கும் அவரே. ஒரே காட்சியில் அப்பாவும் பிள்ளைகளும் பேசினால் மூன்றும் அவர்தான்.

முதல் எபிசோடில் அவர் குரலைக் கவனித்துக் கேளுங்கள். நகரம் தெரியாத கிராமத்துப் பையனின் இழுவை ஒன்று அதில் இருக்கும். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரியும். பல டப்பிங்குகளில் இந்த மண்வாசனை காணாமல் போய்விட்டது. அதனால் முதல் முறையாவது ஜப்பானியக் குரலோடு பாருங்கள் என்பேன். வசனத்தைக் கீழே படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு டப்பிங் தவறில்லை.

புல்மாவுக்குக் குரல் கொடுத்த ஹிரோமி சுரு 2017 நவம்பரில் காலமானார். 1986-லிருந்து முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பெண்ணாகவே இருந்தவர். இன்று முதல் எபிசோடைப் பார்க்கும்போது, பயத்தில் அலறிக்கொண்டே வீம்பு பேசும் அந்தக் குரலைக் கேட்டால் எனக்குச் சிரிப்போடு வேறொன்றும் வருகிறது. தொரியாமாவும் 2024 மார்ச் 1 அன்று, 68 வயதில் போய்விட்டார்.

அந்தப் பாட்டு யாருடையது?

தொடக்கப் பாடல் 'மகாஃபுஷிகி அட்வெஞ்சர்', பாடியவர் ஹிரோகி தாகாஹாஷி. முடிவுப் பாடல் உஷியோ ஹாஷிமோதோ பாடிய 'ரொமான்டிக் அகெரு யோ'. முதல் பாட்டு துள்ளல், இரண்டாவது கொஞ்சம் ஏக்கம். நான் இரண்டாவதின் பக்கம்.

பின்னணி இசை ஷுன்சுகே கிகுச்சி. 1979-இல் தொடங்கிய டோரேமான் தொடருக்கும் இசை அவர்தான், ஆகவே பெயர் தெரியாமலே அவர் இசையை நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

நேராக Z-லிருந்து தொடங்கினால் என்ன?

தொடங்கலாம், கதை புரியும். உலகில் பாதிப்பேர் அப்படித்தான் தொடங்கினார்கள். 1989 ஏப்ரலில் தொடங்கிய Z, 291 எபிசோடுகள் போனது. அதற்கு முந்தையது 153 எபிசோடு. நேரம் இல்லை என்பவர்களை நான் வற்புறுத்துவதில்லை.

ஆனால் இழப்பு எங்கே என்று சொல்லிவிடுகிறேன். Z தொடங்கி ஐந்தே எபிசோடுக்குள் கோகு ஒரு பெரிய தியாகம் செய்கிறான். Z-லிருந்து ஆரம்பித்தவருக்கு அது கதாநாயகனின் வீரம். வாலைத் தூண்டிலாகப் போட்ட பிள்ளையைத் தெரிந்தவருக்கு அது வீட்டில் ஒருவரை இழப்பது. அந்தச் சண்டையில் பக்கத்தில் நிற்கும் பிக்கோலோ யார், ஏன் அந்த இருவரும் கைகோத்தது அத்தனை பெரிய விஷயம் என்பதும் முதல் தொடர் பார்த்தவருக்குத்தான் முழுதாக இறங்கும்.

முதல் எபிசோடு எனக்குப் பிடிக்கவில்லை. எதுவரை பொறுக்கலாம்?

கைகளிலிருந்து ஒளிக்கற்றை பாயும் கமேஹமேஹா தாக்குதலைப் பார்க்கக் காத்திருப்பவர் என்றால் எட்டாவது எபிசோடு. அதில் கமே சென்னின் அதைச் செய்து காட்டுகிறார், பார்த்த உடனே கோகுவும் முயன்று பார்க்கிறான். பழக ஐம்பது வருடம் ஆகும் என்று அவர் சொல்லி வாய் மூடும் முன்பே.

முதல் கதை 13-வது எபிசோடில் முடிகிறது. ஏழு உருண்டையும் சேர்ந்து, டிராகன் வந்து, வரமும் கேட்டாகிவிடும். என்ன வரம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பார்ப்பது நல்லது. 14-இல் கோகுவோடு கூடப் பயிற்சி பெறப்போகும் குரிலின் வருகிறான், அதன்பின் பயிற்சி ஆரம்பம். 19-இல் தொடங்கும் முதல் தற்காப்புக் கலைப் போட்டிதான் இந்தத் தொடரை இன்று நமக்குத் தெரிந்த தொடராக மாற்றியது. மாங்காவின் ஆரம்பத்தில் வாசகர் வரவேற்பு சரியத் தொடங்கியபோது, தொரியாமாவும் அவருடைய எடிட்டர் கசுஹிகோ தோரிஷிமாவும் பயணக் கதையைப் போட்டிக் கதையாகத் திருப்பினார்கள். கூட்டம் திரும்பி வந்தது.

எனவே நேரம் குறைவு, சண்டைதான் வேண்டும் என்பவர்கள் ஒரு குறுக்கு வழியில் போகலாம்: முதல் எபிசோடு, எட்டு, பன்னிரண்டு, பதிமூன்று, அப்புறம் 14-லிருந்து வரிசையாக 28 வரை. போட்டியின் இறுதிச் சுற்று அங்கே முடிகிறது. அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் இந்தத் தொடர் உங்களுக்கு இல்லை, தாராளமாக நிறுத்திவிடுங்கள்.